போன வழியே திரும்பினால் ஊர் வராது

கப்பல் வேலையை விட்டு வந்த பிறகு, படகு ஓட்டுபவர்களுக்குக் கடல் வரைபடம் பார்க்கச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வகுப்புக்கு வந்த ஒரு விசைப்படகு டிரைவர் சொன்ன சம்பவம் இது.

பங்குனி மாதம், இரவு. நாகப்பட்டினத்திலிருந்து நேர் கிழக்கே 3 மணி நேரம் ஓடியிருக்கிறார்கள். அங்கே ஜிபிஎஸ் அணைந்துவிட்டது. மொபைலில் சார்ஜ் அதற்கு முன்பே தீர்ந்திருந்தது. வலை விடாமல் உடனே படகைத் திருப்பி, திசைகாட்டியை மேற்கே பிடித்துக்கொண்டு அதே வேகத்தில் 3 மணி நேரம் ஓட்டினார். விடியும்போது கரை தெரிந்தது, ஆனால் அது நாகை இல்லை. நாகூர் மினாராக்கள் தெற்கே எங்கோ போய்விட்டன. நின்றது காரைக்காலுக்கு நேரே.

"நீரோட்டம் இருக்குன்னு தெரியும் சார். போகும்போது தள்ளுனது வரும்போது கழிஞ்சிடும்னு நெனச்சேன்."

இப்படி நினைப்பவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. பிளஸ் ஒன்னில் வெக்டர் படித்த பையன்களும் இதைத்தான் சொல்கிறார்கள். எனவே வாயால் விளக்குவதை விட்டுவிட்டேன். தாளையும் பென்சிலையும் கொடுத்து வரையச் சொல்கிறேன்.

ஒரு கடல் மைல் என்பது 1852 மீட்டர். அதை 1 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். படகின் வேகம் 6 நாட், அதாவது மணிக்கு 6 கடல் மைல். 3 மணி நேரத்துக்குக் கிழக்கே 18 செ.மீ. கோடு, நுனியில் அம்புக்குறி. பங்குனியில் நம் கரையோரம் நீரோட்டம் வடக்கே போகும். கணக்குக்கு 1.5 நாட் என்று எடுத்தால் 3 மணி நேரத்துக்கு 4.5 செ.மீ. முதல் அம்பின் நுனியிலிருந்து அதை வடக்கே வரையுங்கள். புறப்பட்ட புள்ளியையும் கடைசி நுனியையும் சேர்த்தால் 18.6 செ.மீ. வரும். கோணமானியை வைத்துப் பார்த்தால் கிழக்கிலிருந்து 14 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். அவர் திரும்பிய இடம் அதுதான்.

இனி திரும்பும் பயணம். மேற்கே 18 செ.மீ., மறுபடியும் வடக்கே 4.5 செ.மீ. கிழக்கும் மேற்கும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரண்டு வடக்கும் அழியாது, கூடும். என்ஜின் 36 கடல் மைல் ஓடியிருக்கிறது. இடப்பெயர்ச்சி வடக்கே 9 கடல் மைல். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை; அட்சரேகையில் ஒரு கலை ஒரு கடல் மைல். நாகை ஏறத்தாழ 10 பாகை 46 கலை, காரைக்கால் 10 பாகை 55 கலை. எதிரே காரைக்கால் வந்ததற்குக் காரணம் இவ்வளவுதான்.

அளவுத்திட்டத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 1 செ.மீ.க்கு 1 கடல் மைல் என்று வரைந்தால், பென்சில் அரை மில்லிமீட்டர் விலகுவது கடலில் 90 மீட்டர் சொச்சம். தாளை மிச்சம் பிடிக்க 1 செ.மீ.க்கு 3 கடல் மைல் என்று வைத்தால் அதே விலகல் கிட்டத்தட்ட 280 மீட்டர். கோணத்தில் இன்னும் கவனம் தேவை: 18 கடல் மைல் தூரத்தில் ஒரு பாகை பிசகினால் 580 மீட்டர் தள்ளிப் போவீர்கள். பென்சிலைச் சீவிக்கொள்ளுங்கள். இதைச் சொல்லும்போது சிரிப்பவர்கள் உண்டு.

பெயரிலும் ஒரு குழப்பம். வாடை வடக்கிலிருந்து வரும் காற்று. வடக்கு ஓட்டம் என்று வரைபடத்தில் போட்டிருந்தால் அது வடக்கே போகும் நீர். காற்றுக்கு வந்த திசை, நீருக்குப் போகும் திசை. அம்பைத் தலைகீழாகப் போட்டு ஊரையே மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, நேர் கிழக்கே போக என்ன செய்வது? முதலில் ஒரு மணி நேர நீரோட்டத்தை வடக்கே 1.5 செ.மீ. வரையுங்கள். அதன் நுனியில் கவராயத்தை ஊன்றி, 6 செ.மீ. ஆரத்தில், புறப்பட்ட புள்ளியிலிருந்து கிழக்கே போகும் கோட்டை வெட்டுங்கள். நுனியிலிருந்து வெட்டிய இடத்துக்குப் போகும் கோடுதான் படகின் முகம்: கிழக்கிலிருந்து சுமார் 14.5 பாகை தெற்கே. திரும்பும்போது பலரும் அந்த முகத்தை அப்படியே 180 பாகை திருப்பிவிடுகிறார்கள். அப்போது முகம் மேற்கிலிருந்து வடக்கே சாய்ந்துவிடும், ஓட்டமும் வடக்கே தள்ளும். சும்மா மேற்கே பிடித்திருந்தாலே இதைவிடத் தேவலை. வரும்போதும் முகம் தெற்கே சாய்ந்துதான் இருக்க வேண்டும்.

எல்லாம் வரைந்து முடித்த பிறகு அந்த டிரைவர் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு வலை விட்டுட்டு என்ஜினை நிறுத்தி நாலு மணி நேரம் கெடந்திருந்தா?"

ஸ்கேலை அவர் கையிலேயே கொடுத்தேன். வடக்கே இன்னும் 6 செ.மீ. இழுத்தார். மொத்தம் 15. அட்சரேகை ஓரத்தில் வைத்துப் பார்த்தபோது பென்சில் முனை தரங்கம்பாடிக்கு நேரே நின்றது.