எழுதாத மழை எங்கிருந்து வருது?

"கதவு திறந்தது. உள்ள வந்தவன் கையில சொட்டச் சொட்ட ஒரு குடை."

இந்த ரெண்டு வரியில மழைன்னு ஒரு வார்த்தையே கிடையாது. ஆனா படிச்ச உடனே உங்க மனசுல மழை பெஞ்சிருக்கும், சிலருக்கு சத்தம் கூட கேட்டிருக்கும், சிலருக்கு தரையில ஈரக் கால்தடம் தெரிஞ்சிருக்கும். (மனசுல படமே ஓடாதவங்களும் இருக்காங்க, ஆடம் ஜீமன்ங்கிற நரம்பியல் டாக்டர் 2015ல அதுக்கு அஃபான்டேசியான்னு பேர் வச்சார், ஆனா அவங்களுக்கும் வெளிய மழைங்கிறது புரிஞ்சிடும்.) அந்த மழைய எழுதினவன் தரல, நீங்கதான் பெய்ய வச்சீங்க. வாசிப்புல பெரிய வேலையே இதுதான், போன் நம்மகிட்ட இருந்து மெல்ல மெல்ல உருவிட்டுப் போறதும் இதத்தான்னு நான் நினைக்கிறேன்.

எப்படின்னு புரியணும்னா முதல்ல கண்ண பாக்கணும். நம்ம கண்ணு வரி மேல வழுக்கிட்டுப் போறதில்ல, தாவித் தாவித்தான் போகுது, இத 1870கள்லயே எமில் ஜவால்ங்கிற பிரெஞ்சு கண் டாக்டர் எழுதி வச்சிருக்கார். ஒவ்வொரு தாவலுக்கும் நடுவுல சுமார் கால் செகண்ட் நிக்கும், அப்பதான் எழுத்து உள்ள போகுது. அதுலயும் கூர்மையா தெரியற இடம் ரொம்ப சின்னது, கைய நீட்டி கட்டைவிரல பாத்தா அந்த நகம் இருக்கிற அகலம், அவ்ளோதான். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா பத்து தாவல்ல ஒண்ணு ஒன்றரை பின்னாடி போகும், அதாவது படிச்ச வார்த்தைக்கே திரும்பும். இது வேஸ்ட்னு நினைச்சு வார்த்தைய ஒவ்வொண்ணா ஸ்கிரீன்ல காட்டுற ஸ்பீட் ரீடிங் ஆப் எல்லாம் வந்துச்சு. வாசிக்கும்போது கண்ணு எப்படி நகருதுன்னு ஆராய்ஞ்ச எலிசபெத் ஷாட்டர், கீத் ரேனர் எல்லாம் சேர்ந்து 2014ல ஒரு சோதனை பண்ணாங்க, வாக்கியத்துல கண்ணு தாண்டிப் போன வார்த்தைய எல்லாம் உடனே வெறும் எக்ஸ் எழுத்தா மாத்திட்டாங்க, திரும்பிப் பாத்தா ஒண்ணுமே இருக்காது. புரிதல் குறைஞ்சு போச்சு. அந்தத் திரும்பிப் பாக்குறதும் வாசிப்போட ஒரு பாகம்தான்.

மூளைக்கு வாசிக்கிறதுக்குன்னு பொறக்கும்போதே ஒரு இடம் கிடையாது. பேச்சு எவ்ளோ பழசு, எழுத்து வந்து அஞ்சாயிரம் வருஷம் சொச்சம்தான் ஆகுது, பரிணாமத்துக்கு அது கண் சிமிட்டுற நேரம். ஸ்டானிஸ்லாஸ் டெஹேன்ங்கிற பிரெஞ்சு மூளை ஆராய்ச்சியாளர் சொல்றது என்னன்னா, முகம், பொருள் இதெல்லாம் அடையாளம் காணுற பகுதியில இருந்து, இடது பக்கம் பின்னாடி கீழ ஒரு துண்ட மூளை எழுத்துக்காக மாத்தி அமைச்சுக்குது. பழகப் பழகத்தான் அது உருவாகுது. அப்போ எந்த மாதிரி வாசிச்சுப் பழகுறோமோ அந்த மாதிரிதானே வாசிப்பும் அமையும்? தலைப்பு, முதல் ரெண்டு வரி, அப்புறம் ஒரு தள்ளு, நாள் முழுக்க இதையே பண்ணிட்டு ராத்திரி ஒரு புக்க எடுத்தா கண்ணு அங்கயும் அதே மாதிரிதான் ஓடுது, எனக்கு இது நடக்குது, ரொம்ப வருத்தமா இருக்கு.

2018ல வந்த ஒரு பெரிய ஆய்வுல 54 ஆய்வுகளோட முடிவ ஒண்ணா சேர்த்துப் பாத்தாங்க, மொத்தம் 1,70,000 பேருக்கு மேல. அதே விஷயத்த பேப்பர்ல படிச்சவங்களுக்கு ஸ்கிரீன்ல படிச்சவங்கள விட கொஞ்சம் நல்லா புரிஞ்சிருந்தது. கதைல வித்தியாசம் தெரியல, தகவல் கட்டுரைல தெரிஞ்சது, டைம் கம்மியா இருந்தா இன்னும் அதிகம். போகப் போக பழகிடும்னு நிறைய பேர் சொல்றாங்க இல்லையா, ஆனா 2000ல இருந்து 2017 வரைக்கும் அந்த இடைவெளி குறையல, கூடத்தான் செஞ்சிருக்கு.

இதவிட பயமான விஷயம், ஸ்கிரீன்ல படிக்கிறவங்க தனக்கு நல்லா புரிஞ்சிடுச்சுன்னு நம்புறது கூடுதலா இருக்குன்னு ரகேஃபெட் அக்கர்மன்ங்கிற ஆராய்ச்சியாளர் 2011லயே காட்டியிருக்காங்க. புரியலன்னு தெரிஞ்சா திரும்பிப் படிப்போம், தெரியலன்னா எங்க படிக்கிறது? அதனால நான் இப்ப போன்ல நீளமா எதாவது படிச்சா நாலு பத்திக்கு ஒரு தடவ ஸ்கிரீன கையால மறைச்சிட்டு இதுவரைக்கும் என்ன சொன்னாங்கன்னு வாய்விட்டு சொல்லிப் பாக்குறேன். பல தடவ ஒண்ணும் வரல, திரும்ப மேல போறேன்.

இதுக்காக இன்டர்நெட்டே ஆகாதுன்னு சொல்ல மாட்டேன். சாம் வைன்பர்க், சாரா மெக்ரூங்கிற ரெண்டு கல்வி ஆராய்ச்சியாளர்கள் 45 பேர வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 10 பேர் டாக்டரேட் வாங்கின வரலாற்று அறிஞர்கள், 25 பேர் காலேஜ் பசங்க, 10 பேர் செய்தி சரிபாக்குறதையே தொழிலா பண்றவங்க. ஒரு வெப்சைட்ட நம்பலாமான்னு கேட்டா, பசங்க அந்தப் பக்கத்துலயே மேலயும் கீழயும் போய் லோகோ, டிசைன், பேர் எல்லாம் பாத்து நம்பிட்டாங்க, அறிஞர்கள்லயும் பல பேர் ஏமாந்தாங்க. சரிபாக்குறவங்க வந்த வேகத்துல அந்தப் பக்கத்த விட்டு வெளிய போனாங்க, புது டேப் திறந்து இவங்க யாரு, இவங்களப் பத்தி மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு தேடினாங்க. அது தெரிஞ்ச பிறகுதான் திரும்பி வந்து அங்க எழுதியிருக்கிறத பாத்தாங்க.