180 கிலோமீட்டர் மேலே போன பீரங்கிக் குண்டு

1966 நவம்பர் 18 அன்று, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள யூமாவில், ஒரு பீரங்கியை ஏறக்குறைய செங்குத்தாக நிமிர்த்தி வானத்தை நோக்கிச் சுட்டார்கள். போர்க்கப்பலில் இருந்த 16 அங்குலப் பீரங்கியின் குழலை நீட்டிச் செய்தது அது. ஜெரால்ட் புல் என்ற கனடாப் பொறியாளர் நடத்திய, பீரங்கியால் சுட்டு உயர் வானத்தை ஆராயும் ஹார்ப் (HARP) திட்டத்தின் வேலை. 'மார்ட்லெட் 2' என்ற குண்டு வினாடிக்குச் சுமார் 2,100 மீட்டர் வேகத்தில் கிளம்பி 180 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டது. அதில் ராக்கெட் எஞ்சின் எதுவும் கிடையாது. குழலை விட்டு வந்தபின் அதைத் தள்ள ஆளே இல்லை.

இந்த உயரத்தை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புவியீர்ப்பு ஒவ்வொரு வினாடியும் 9.8 மீட்டர் வேகத்தைக் குறைக்கிறது. 2,100-ஐ 9.8-ஆல் வகுத்தால் 214. அத்தனை வினாடியில் குண்டு நின்றுவிடும். தொடக்கத்தில் 2,100, முடிவில் பூஜ்யம், ஆக சராசரி வேகம் 1,050. அதை 214-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 225 கிலோமீட்டர். சுருக்கமாக, வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி 19.6-ஆல் வகுத்தால் உயரம் கிடைத்துவிடும். வேகம் இரு மடங்கானால் உயரம் நான்கு மடங்காவது இதனால்தான்.

கணக்கு 225 என்கிறது, குண்டு போனதோ 180. மீதியைப் பறித்தது காற்று. வளிமண்டலத்தின் எடையில் சுமார் 90 சதவீதம் கீழே உள்ள 16 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. குண்டு அதைக் கடக்க எட்டு வினாடி போதும். ஆனால் அதன் வேகம் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். வேகம் கூடக்கூட எதிர்ப்பு அதைவிட வேகமாகக் கூடும்.

நம் கணக்கில் எடை எங்கும் வரவில்லை, கவனித்தீர்களா? காற்று இல்லாத இடத்தில் இறகும் இரும்பும் ஒரே உயரம்தான் போகும். காற்று வந்ததும் எடையும் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. ஒரே எதிர்ப்பு விசை கனமான பொருளைக் குறைவாகத்தான் மெதுவாக்கும். அதனால்தான் மார்ட்லெட்டை ஒல்லியாகவும் கனமாகவும் அம்பு போலச் செய்தார்கள். அகலமான குழலை அடைக்க அதைச் சுற்றி மரக்கட்டை உறை; வெளியே வந்ததும் உறை கழன்று விழுந்துவிடும்.

இன்னொரு சின்ன விஷயம். மேலே போகப்போக ஈர்ப்பும் கொஞ்சம் தளர்கிறது. 180 கிலோமீட்டரில் சுமார் 5 சதவீதம் குறைவு. அதையும் சேர்த்தால், காற்றில்லாத உயரம் 225 அல்ல, 233 வரை வரும். அப்படியானால் காற்று தின்றது 45 கிலோமீட்டர் அல்ல, 50-க்கும் மேல்.