கொப்பி நிறைய இங்கிலீஷ், கதைக்க ஒரு வசனமில்லை

போன மாதம் ஒரு தாய் தன் மகனைக் கூட்டிக்கொண்டு என் வகுப்புக்கு வந்தார். சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளை. கையில் மூன்று கொப்பிகள். பன்னிரண்டு வினைக் காலங்களையும் அட்டவணை போட்டு, சிவப்புப் பேனாவால் கோடிட்டு, ஒரு பிழையில்லாமல் எழுதி வைத்திருந்தான். "நேற்றுப் பின்னேரம் என்ன செய்தாய்?" என்று இங்கிலீஷில் கேட்டேன். தாயின் முகத்தைப் பார்த்தான். மெதுவாக இன்னொருக்கால் கேட்டேன். கண் கலங்கிவிட்டது. "எல்லாம் பாடமாக்குவான் சேர், கதைக்கத்தான் வருகுதில்லை" என்றார் தாய்.

திருகோணமலையில் இங்கிலீஷ் படிப்பிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தப் பேச்சைக் கேட்டு வருகிறேன். பிள்ளையில் குறையில்லை. வேறொரு தேவைக்காக வந்த முறை ஒன்று அவன் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. என் முதல் ஆறு வருடமும் நானும் அப்படித்தான் படிப்பித்தேன். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் மனம் உறுத்தும்.

ஐரோப்பியப் பள்ளிகளில் நெடுங்காலம் 'மொழிப் பாடம்' என்றால் லத்தீன்தான். வீட்டிலும் சந்தையிலும் யாரும் பேசாத மொழி. பழைய நூல்களை வாசிக்கத்தான் தேவைப்பட்டது. விதியைப் பாடமாக்கு, சொற்பட்டியலைப் பாடமாக்கு, வரிக்கு வரி மொழிபெயர். அந்தத் தேவைக்கு அது போதும். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற பேசும் மொழிகளையும் அதே அச்சில் வார்த்தார்கள். இலக்கண-மொழிபெயர்ப்பு முறை என்பது இதுதான். அந்தப் பிள்ளையின் மூன்று கொப்பியும் அங்கிருந்து வந்தவை.

அதை நம்பி அடிபட்டவர்களில் பிரான்சுவா குவான் என்ற பிரெஞ்சு ஆசிரியரை என்னால் மறக்க முடியாது. ஜெர்மன் படிக்க ஹம்பர்க் போனவர், அறைக்குள் அடைந்து இலக்கணப் புத்தகத்தையும் 248 ஒழுங்கற்ற வினைகளையும் பாடமாக்கினார். பிறகு விரிவுரை கேட்கப் போனார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. கடைசியில் அகராதியின் 30,000 சொற்களையே நெட்டுருப் போட்டார். அப்போதும் விளங்கவில்லை. தோற்று ஊர் திரும்பியவர், மூன்று வயது மருமகன் தாய்மொழியில் ஓயாமல் கதைப்பதைக் கண்டார். மாவரைக்கும் ஆலைக்குப் போய்வந்த அந்தக் குழந்தை, கண்டதையெல்லாம் நடந்த ஒழுங்கிலேயே சொல்லிச் சொல்லி விளையாடியது. கதவை நோக்கி நடக்கிறேன், கதவடியில் நிற்கிறேன், கதவைத் திறக்கிறேன் என்று செயலை அடுக்கிப் படிப்பிக்கும் முறையை அவர் அதிலிருந்துதான் உருவாக்கினார். 1880இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார்.

நம் பக்கத்திலேயே அதற்கும் மூத்த உதாரணம் உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தன் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு தரையிலிருந்து மணலில் விரலால் 'அ' எழுதிப் பழகினார். 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல்தான் அச்சானது. மணல் முதல், இலக்கணம் பிறகு. இந்த ஒழுங்கைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

1882இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஃபியட்டர், மொழிக் கல்வி திசை திரும்பவேண்டும் என்று சிறு நூலே எழுதினார். மொழிபெயர்க்காமல் அந்த மொழியிலேயே படிப்பிக்கும் நேரடி முறை வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க இராணுவத்துக்கு அவசரமாகப் பேசத் தெரிந்தவர்கள் தேவைப்பட, அதன் பின்னால் ஒரே வசனத்தை நூறு தடவை சொல்லவைக்கும் பயிற்சி முறை பரவியது. மொழி வெறும் பழக்கமென்றால் கேட்டிராத வசனத்தைக் குழந்தை எப்படிச் சொல்கிறது என்ற கேள்வியை 1959இல் அமெரிக்க மொழியியலாளர் சோம்ஸ்கி கிளப்பினார். அதோடு அந்தப் பயிற்சி முறையின் அத்திவாரம் ஆடிப்போனது. மெல்லிய இசை, சாய்வு நாற்காலி என்று பல்கேரியாவிலிருந்து வந்த ஒரு முறை பெரிய பெரிய வாக்குறுதி தந்தது. மற்றவர்களின் வகுப்பறையில் அவ்வளவும் பலிக்கவில்லை. "முப்பது நாளில் சரளமாகப் பேசலாம்" என்ற விளம்பரத்தைக் காணும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

என் வகுப்பை மாற்றியது இவற்றில் எதுவுமில்லை. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில் இந்திய இங்கிலீஷ் கல்வியாளர் என். எஸ். பிரபு செய்து பார்த்த வேலைதான். ரயில் நேர அட்டவணையைக் கொடுப்பார்கள், வரைபடத்தைக் கொடுப்பார்கள். பிள்ளைகள் இங்கிலீஷிலேயே யோசித்து விடை காணவேண்டும். வசதியில்லாத, பிள்ளைகள் நெருக்கியடித்த வகுப்புகள். நம்முடையவை போலத்தான்.

இதற்காக இலக்கணத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. உப்புவெளிக் கடற்கரையில் வெள்ளைக்காரரோடு பழகியே இங்கிலீஷ் பிடித்த பொடியன் ஒருவன் என்னிடம் வந்தான். புறாத்தீவுக்குப் படகு பேசுவதில் அவனை வெல்ல ஆளில்லை. ஹோட்டல் வேலைக்கு ஒரு கடிதம் எழுத முடியவில்லை. அவனுக்கு இலக்கணம் படிப்பித்தபோது மூன்று மாதத்தில் பிடித்துக்கொண்டான். விதி போய் ஒட்டிக்கொள்ள அவன் வாயில் ஏற்கெனவே மொழி இருந்தது.

ஆகவே பெற்றோரே, வகுப்பில் சேர்க்குமுன் எத்தனை நோட்ஸ் தருவீர்கள் என்று கேட்காதீர்கள். ஒரு மணித்தியாலத்தில் என் பிள்ளை எத்தனை நிமிடம் வாய் திறப்பான் என்று கேளுங்கள். மண்டபத்தில் அறுபது பேர் இருந்தால், ஆசிரியர் ஒரு வார்த்தை பேசாவிட்டாலும், ஒருவர் பின் ஒருவராகப் பேச ஆளுக்கு ஒரு நிமிடம்தான் வரும்.

மூன்று கொப்பியோடு வந்த அந்த மகனுக்கு முதல் மூன்று கிழமையும் கொப்பி திறக்க விடவில்லை. நாலாவது கிழமை கண்டி பஸ் நேரங்களை எழுதிக் கொடுத்து, பக்கத்துப் பிள்ளைக்கு விளக்கச் சொன்னேன். நெடுநேரம் தாளைப் பார்த்துவிட்டு, "லாஸ்ட் பஸ் கோ சிக்ஸ் தேர்ட்டி, யூ கம் குயிக்" என்றான். மற்றப் பிள்ளை சிரித்தபடி எழும்பி ஓடுவதுபோல் நடித்தது. 'கோ' இல்லை 'கோஸ்' என்று என் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அதை அடுத்த கிழமை பார்க்கலாம்.