ஓடை பெருகும்போது ஓடுவது எந்த மழையின் நீர்?

மழை பெய்து பல நாட்கள் ஆன பிறகும் சிற்றோடையில் நீர் ஓடிக்கொண்டிருக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதற்கான விடை எளியது. அதை ஒட்டி எழும் இன்னொரு கேள்விக்கான விடையோ நீரியலாளர்களையே நெடுங்காலம் திணறடித்தது.

ஓடையைச் சுற்றியுள்ள மேட்டு நிலத்தின் முகடுகளை இணைத்துக் கோடு வரைந்தால், அதற்குள் அடங்கும் பரப்பே ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே விழும் மழையில் ஆவியானதும் தாவரங்கள் உறிஞ்சியதும் போக, ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீருடன் சேர்கிறது. நிலத்தடி நீர்மட்டம் ஓடையின் நீர்மட்டத்தைவிட உயரமாக இருக்கும்வரை, அந்த நீர் கரையின் அடியிலிருந்தும் படுகையின் வழியாகவும் மெல்லக் கசிந்து வந்துகொண்டே இருக்கும். மட்டம் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், ஓடை தன் நீரை நிலத்துக்குக் கொடுக்கத் தொடங்கும். ஒரே ஓடை மேற்பகுதியில் பெறுவதாகவும் கீழ்ப்பகுதியில் இழப்பதாகவும் இருப்பதுண்டு.

இனி அந்த இரண்டாவது கேள்வி. கனமழையில் ஓடை பெருக்கெடுக்கும்போது அதில் ஓடுவது எந்த நீர்? அப்போது பெய்த மழைதான் என்றே தோன்றும். அமெரிக்க நீரியலாளர் ராபர்ட் ஹார்ட்டன் 1933இல் தந்த விளக்கமும் இதற்கு இசைவானதே: மண் உறிஞ்சும் வேகத்தை மழையின் வேகம் மிஞ்சும்போது மிகுதி நீர் தரைமேல் வழிந்தோடுகிறது. இறுகிய மண்ணிலும் கான்கிரீட் பரப்பிலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் மரமடர்ந்த ஈரச் சரிவுகளில் தரைமேல் நீர் வழிவதை அரிதாகவே காண்கிறோம். ஆயினும் அங்கும் ஓடை பெருகுகிறது.

இந்தப் புதிருக்கு ஆக்சிஜனின் ஐசோடோப்புகள், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் அதன் அணுவகைகள், துப்புக் கொடுத்தன. நீரிலுள்ள ஆக்சிஜன் அணுக்களில் ஏறத்தாழ 0.2 விழுக்காடு எடை மிகுந்த ஆக்சிஜன்-18 ஆகும். இந்த விகிதம் மழைக்கு மழை சற்றே மாறும். பல மழைகள் கலந்த நிலத்தடி நீரிலோ அது பெரும்பாலும் நிலையாக இருக்கும். எனவே பெருகிவரும் ஓடையின் நீரை இவ்விரண்டோடும் ஒப்பிட்டால் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். மைக்கேல் ஸ்கிளாஷும் ராபர்ட் ஃபார்வோல்டனும் கனடாவின் சிறு நீர்ப்பிடிப்புகளில் செய்து 1979இல் வெளியிட்ட ஆய்வு உட்படப் பல ஆய்வுகளில், பெருக்கின் பெரும்பகுதி அந்த மழைக்கு முன்பே மண்ணுக்குள் இருந்த பழைய நீர் என்று தெரியவந்தது.

மண்ணுக்குள் மிக மெதுவாக நகரும் பழைய நீர், சில மணி நேரத்தில் எப்படித் திரண்டு வருகிறது? நீர் நிறைந்த நீண்ட குழாயின் ஒரு முனையில் சிறிது நீரைத் தள்ளினால், மறுமுனையில் உடனே நீர் வெளியேறும்; ஆனால் வெளியேறுவது நாம் தள்ளிய நீரன்று. ஈரமான நிலத்திலும் அழுத்தம் நீரைவிடப் பன்மடங்கு விரைவாகப் பயணிக்கிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. நிலத்தடி நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, நுண்துளை ஈர்ப்பால் மேலேறிய நீர் மண்ணின் துளைகளை ஏறக்குறைய நிரப்பியபடி பிடிபட்டிருக்கும். ஓடைக்கு அருகில் இந்த அடுக்கு தரைமட்டம்வரைகூட எட்டுவதால், சிறிதளவு மழை சேர்ந்ததுமே பிடி தளர்ந்து, அடுக்கு முழுவதும் நிலத்தடி நீராக மாறிவிடுகிறது. சேர்ந்த மழை சில மில்லிமீட்டர்தான். நீர்மட்டம் உயர்வதோ பல சென்டிமீட்டர். கரையோர நிலத்தடி நீர் இவ்வாறு மேடுகட்டியதும், ஓடையை நோக்கிய அதன் சாய்வு கூடி, பழைய நீர் விரைந்து வெளியேறுகிறது. இத்தனை பெரிய விளைவுக்கு இவ்வளவு சிறிய தூண்டுதல் போதும் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

எல்லா ஓடைகளும் இப்படி நடப்பதில்லை. மண்ணின் தன்மை, சரிவு, முந்தைய ஈரம் ஆகியவற்றைப் பொறுத்துப் பங்குகள் மாறும். அதை அறிய ஒவ்வோர் ஓடையிலும் நீர்மட்டத்தையும் நீரின் ஐசோடோப்பு விகிதத்தையும் பல்லாண்டு பதிவு செய்ய வேண்டும். மூன்றாண்டுத் திட்டங்களுக்கு மட்டும் நிதி தரும் வழக்கம் இத்தகைய பதிவுக்குச் சற்றும் பொருந்தாது என்பது என் கருத்து. ஏனெனில் வயலில் இட்ட நைட்ரேட் உரம் நீருடன் நிலத்தடியில் இறங்கி ஓடைக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆகலாம். உரத்தை இன்று குறைத்தாலும், முன்பு இட்டது அதன்பின் வெகுகாலம் கசிந்து வந்துகொண்டிருக்கும்.