நடுக்கம் கையில், சோதனை கண்ணில்

கை நடுங்குகிறது என்று போனால் நரம்பியல் மருத்துவர் ஏன் கண்ணையே திரும்பத் திரும்பச் சோதிக்கிறார் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. பார்க்கின்சன் என்ற நரம்பு நோயில் கையை நடுங்க வைக்கும் அதே மூளைப் பகுதிதான், கண் எப்போது நகரலாம், எப்போது நகரக் கூடாது என்பதையும் தீர்மானிக்கிறது.

விழித்திரையின் நடுவில் ஒரு சின்னப் பகுதிதான் கூர்மையாகப் பார்க்கும். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் அகலம், சுமார் 2 டிகிரி, அவ்வளவே. அதனால் கண் நொடிக்கு ஏறக்குறைய 3 முறை இடம் விட்டு இடம் தாவுகிறது. இந்தத் தாவலுக்கு சக்கேட் என்று பெயர். பெரிய தாவலில் வேகம் நொடிக்கு 500 டிகிரி வரை போகும். கண் கிளம்பும் முன்பே கவனம் அங்கே போய்விடுகிறது. தாவப் போகும் இடத்தில் உள்ள எழுத்து, விழி அசையாதபோதே தெளிவாகத் தெரியத் தொடங்கும். ஆகவே கண்ணின் தடத்தைப் பதிவு செய்தால் கவனத்தின் தடமும் பெருமளவு கிடைத்துவிடும்.

இனி கண்ணைத் தாவ விடும், தடுக்கும் அந்த அற்புதமான மூளை ஏற்பாட்டுக்கு வருவோம். நடுமூளையின் பின்புறத்தில் சுப்பீரியர் காலிகுலஸ் என்ற மேடு இருக்கிறது. அது ஒரு வரைபடம். அதில் எந்த இடத்துச் செல்கள் படபடவெனச் சுடுகின்றனவோ, அதாவது மின்துடிப்புகளை அனுப்புகின்றனவோ, அதற்குரிய திசைக்கும் தூரத்துக்கும் கண் தாவும். பார்வையில் அசையும் ஒவ்வொன்றும் இந்த வரைபடத்தைத் தட்டுகிறது. எல்லாத் தட்டலுக்கும் பதில் சொன்னால் ஒரு வரிகூடப் படிக்க முடியாது.

தடுப்பது நடுமூளையிலேயே உள்ள சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற பகுதி. டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கும் இடம் என்று பாடத்தில் படித்திருப்போம். அது அதன் ஒரு பாதி. ரெட்டிகுலாட்டா என்ற மறுபாதி டோபமின் சுரப்பதில்லை. நாம் சும்மா இருக்கும்போதுகூட அதன் செல்கள் நொடிக்குப் பல பத்து முறை சுட்டு, காபா என்ற வேதிப்பொருளைக் காலிகுலஸ் மேல் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு துளியும் 'போகாதே' என்ற ஆணை. 1980களின் தொடக்கத்தில் ஹிக்கோசாக்கா, வுர்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் குரங்குகளில் இந்தச் செல்களைப் பதிவு செய்தார்கள். கண் தாவுவதற்குச் சற்று முன் அவை மௌனமாகின. அந்த இடைவெளியில்தான் காலிகுலஸ் சுடுகிறது. இந்தப் பகுதியை மருந்தால் அடக்கியபோது குரங்கால் ஒரு புள்ளியில் பார்வையை நிறுத்தவே முடியவில்லை. நாம் விரும்பி ஒன்றைப் பார்ப்பது, இப்படித் தடை ஒரு கணம் விலகுவதால்தான்.

தடையை விலக்குவது மூளையின் ஆழத்தில் உள்ள காடேட் என்ற பகுதி. அதன் செல்களும் தடுப்பவையே: தடுப்பவனைத் தடுக்கிறது, வழி திறக்கிறது. அதைச் சரியாகச் சுருதி சேர்ப்பது டோபமின். இந்த ஆராய்ச்சி 'கண் எப்படி நகர்கிறது' என்ற அடிப்படைக் கேள்வியிலிருந்து வந்தது. உடனடிப் பயன் என்ன என்று கேட்டே நிதி ஒதுக்குபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பார்க்கின்சனில் டோபமின் குறைகிறது, தடை முழுதாக விலகுவதில்லை. தாவல் குட்டையாகிறது. 20 டிகிரி போக வேண்டிய கண் இரண்டு மூன்று படிகளில் போய்ச் சேரும். நினைவிலிருக்கும் இடத்தைப் பார்க்கச் சொன்னால் இது தெளிவாகத் தெரியும். எதிரே விளக்கு மின்னினால் தாவல் ஏறக்குறைய இயல்பாகவே இருக்கும், ஏனென்றால் பார்வைத் தகவல் மூளையின் மேலடுக்கான புறணியிலிருந்து நேராகக் காலிகுலஸுக்குப் போக வழி உண்டு. கால் உறைந்து நிற்கும் நோயாளி தரையில் கோடு போட்டால் அடியெடுத்து வைப்பதும் இதன் உறவுதான்.

1978இல் ஹாலெட் என்ற ஆய்வாளர் வகுத்த எதிர்த்தாவல் சோதனை இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. நடுப்புள்ளியைப் பார்த்திருக்க வேண்டும். வலப்புறம் புள்ளி தோன்றினால் இடப்புறம் பார்க்க வேண்டும். ஆரோக்கியமானவர்களே 100க்கு 10, 20 முறை தவறுவார்கள். பார்க்கின்சனில் தவறு கூடுகிறது. தடை இறுகியிருக்கும்போது கண் எப்படி நழுவுகிறது? புள்ளி தோன்றும் முன்பே மூளையின் முன்பகுதி காலிகுலஸைத் தணித்து வைக்க வேண்டும். அந்த முன்தயாரிப்புத்தான் இங்கே பலவீனம். அது கவனத்தின் வேலை.

பார்க்கின்சன் போலத் தோன்றும் பிஎஸ்பி (புரோகிரசிவ் சுப்ராநியூக்ளியர் பால்சி) என்ற நோயில் சேதம் வேறு இடத்தில். மேல்கீழ்த் தாவலை இயக்கும் நடுமூளைச் செல்கள் அழிகின்றன. தட்டில் இருப்பதும் இறங்கும் படியும் கண்ணுக்கு எட்டாமல், நோயாளி அடிக்கடி விழுகிறார். இங்கே சோதனையில் நடக்கும் தவறு, விரலை மெதுவாக நகர்த்திப் பின்தொடரச் சொல்வது. தொடக்கத்தில் எல்லை முழுதாக இருக்கும், வேகம்தான் குறையும். ஒரு விரல் நெற்றி உயரத்தில், இன்னொன்று நெஞ்சு உயரத்தில் வைத்து, மேலே, கீழே என்று சட்டென மாற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். வயதானாலே மேல்பார்வை குறையும் என்பதால் கீழ்நோக்கிய வேகத்துக்கே மதிப்பு அதிகம். நோய் முற்றி எல்லையும் குறைந்த பிறகு, ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி மருத்துவர் தலையை மெல்ல மேலும் கீழும் அசைத்தால் கண் முழுதாக நகரும். தசையில் கோளாறு இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பரம்பரையாக வரும் மூளை நோயான ஹண்டிங்டனில் தாவலைத் தொடங்குவதே கடினம். நோயாளி இமைத்தோ தலையை வெட்டியோ கண்ணைக் கிளப்புவார். இமைக்கும்போது மூளைத்தண்டில் தாவலைப் பூட்டி வைக்கும் செல்கள் ஒரு கணம் ஓய்கின்றன. அந்தக் கணத்தை அவர் பயன்படுத்திக்கொள்கிறார்.

பார்க்கின்சனில் இமைப்பே குறைந்து பார்வை வெறித்ததாகத் தெரியும். அதைத் திமிர் என்றும் பேய் பிடித்தது என்றும் சொல்லி நோயாளியைக் காயப்படுத்துவது கொடுமை. செல்போன் கேமராவால் நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற விளம்பரங்களையும் நம்பவேண்டாம். நொடிக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்கு 33 மில்லிநொடி. 10 டிகிரித் தாவல் சுமார் 45 மில்லிநொடியில் முடிந்துவிடும். ஒன்றிரண்டு படத்தில் உச்ச வேகம் அளக்க முடியாது. ஆய்வகத்து அகச்சிவப்புக் கருவிகள் நொடிக்கு 500 முதல் 1000 முறை அளக்கின்றன. அவைகூட நோயறிதலுக்குத் துணைதான். முடிவு சொல்ல மருத்துவர் நடையையும் கையையும் நோயின் வரலாற்றையும் சேர்த்தே பார்க்கிறார்.