கூரையை எழுதுவார்கள், தண்ணீரை எழுத மாட்டார்கள்

2018 கஜா புயலில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கீற்றுக் கூரை முழுக்கப் போனது. வட்டிக்கு வாங்கி ஷீட் போட்டார்கள். அதனாலேயே அந்தக் குடும்பம் வீட்டுத் திட்டத்துக்கு வெளியே. பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசுக்கு அவர்களோடு மூன்று முறை நானும் அலைந்தேன்.

பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் ஏழை வீடு என்றால், சுவரும் கூரையும் இரண்டுமே கச்சாவாக, அதாவது மண், கீற்று போல உறுதியில்லாததாக இருக்க வேண்டும். அறை இரண்டுக்கு மேல் கூடாது. 2011 சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பின் வகைப்பாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், தகரம் எல்லாம் பக்கா, அதாவது உறுதியான கூரை. கடல் எவ்வளவு உள்ளே வந்தது, ஐப்பசி அடைமழையில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்பதற்குக் கட்டமே இல்லை.

மத்திய அரசின் திட்ட ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் பல பரிமாண வறுமைக் குறியீட்டில் குடிநீர் உண்டு. போர்வெல் இருந்தால் போதும், உப்பா என்று யாரும் கேட்பதில்லை. "தமிழ்நாட்டில் வறுமை 2.2 சதவீதம்தான்" என்பது அந்தக் கணக்கு. அது 2019-21-இல் சில வீடுகளை மட்டும் கேட்டு எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பு. அதைக் காட்டி உங்கள் மனுவைத் தள்ள முடியாது.

"பைக் இருக்கே, ஃப்ரிட்ஜ் இருக்கே, வீடு கிடையாது" என்று ஆபீசில் சொல்வார்கள். அது பழைய விதி. இரு சக்கர வாகனம், மோட்டார் படகு, ஃப்ரிட்ஜ், லேண்ட்லைன் ஆகிய நான்கையும் 2024-இல் எடுத்துவிட்டார்கள். மாத வருமான வரம்பும் 10,000-லிருந்து 15,000 ரூபாய் ஆனது. ஆட்டோ, கார் இருந்தால் மட்டும் இன்னும் சிக்கல்தான். வாயால் மறுத்தால் நகராதீர்கள், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். பேனா எடுக்கச் சொன்னதுமே பாதிப் பேருக்கு விதி ஞாபகம் வந்துவிடும்.

ஆற்றோரம், கடலோரம் இருப்பவர்களுக்குப் பெரிய கண்ணி பட்டா. புறம்போக்கு என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நிலமில்லாதவருக்கு இடம் ஏற்பாடு செய்வது மாநில அரசின் பொறுப்பு என்று திட்ட விதியிலேயே இருக்கிறது. ஆகவே வீட்டு மனு ஒன்று, மனைப்பட்டா மனு ஒன்று, தனித்தனியாகக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

புயல் நிவாரணம் வேறு கணக்கு. 2022 பேரிடர் நிதி விதிப்படி குடிசைக்கு 8,000 ரூபாய். பணத்தை வாங்கியதோடு விடாமல், வி.ஏ.ஓ. எழுதிய சேதப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தின் நகலையும் கேளுங்கள். தண்ணீர் வீட்டுக்குள் வந்தது என்பதற்கு அரசுத் தாளில் இருக்கும் சாட்சி பெரும்பாலும் அது ஒன்றுதான். வீடு கிடைத்துவிடும் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனால் கிராம சபையில் பேச அது கையில் வேண்டும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பயனாளி பட்டியலை அங்கே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். விடுபட்ட பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிய பிறகு, பிறகு எதையாவது சேர்க்கிற மாதிரி கீழே வெற்றிடம் விடவில்லை என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.