மார்கழிக் குளிரும் மூன்று கிலோ உடம்பும்

போன மார்கழியில், கானாடுகாத்தான் பக்கம் இருக்கும் எங்கள் பழைய வீட்டில், அக்கா மகளுக்குப் பிறந்த பிள்ளைக்கு ஒன்பதாம் நாள். விடியற்காலை ஐந்து மணி இருக்கும். கோயில் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்திருந்தது. "மாமா, காலைத் தொட்டுப் பாருங்க, ஐஸ் மாதிரி இருக்கு" என்று பதறிக்கொண்டு வந்தாள். சாக்ஸ் போட்டுத்தான் இருந்தது.

எங்கள் ஆத்தா எழுந்து வந்தார். காலைத் தொடவே இல்லை. இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, சட்டைக்குள் விரலை விட்டுப் பிள்ளையின் பிடரியைத் தொட்டார். அப்புறம் நெஞ்சை. "உடம்பும் லேசா சில்லுன்னுதான் இருக்கு. துணி ஈரம்டி" என்றார். அடித்துணி நனைந்து, ஈரம் சட்டையின் முதுகுப்பக்கம் வரை ஏறியிருந்தது. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தோம். 36.2.

நமக்கு 36.2 என்றால் ஒன்றுமே இல்லை. பிறந்த குழந்தைக்கு அப்படி இல்லை. 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரைதான் அதற்குச் சரியான சூடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே 36 வரை இறங்கினால் குளிர் உடம்பை வருத்தத் தொடங்கிவிட்டது என்று பொருள். 36க்கும் கீழே போனால் ஆபத்து. 32க்குக் கீழே உயிருக்கே உலை.

அன்று அறையில் என்ன பெரிய குளிர்? இருபது, இருபத்தொன்று டிகிரி. ஊட்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் குளிரை அளக்க வேண்டியது குழந்தையின் உடம்பை வைத்து. துணி எதுவும் இல்லாமல் கிடக்கும் ஒரு பெரியவருக்கு, உடம்பு கூடுதலாக உழைக்காமல் சூட்டைக் காத்துக்கொள்ள அறை 28 டிகிரி போல இருந்தால் போதும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு முதல் நாட்களில் அது 32 முதல் 34 டிகிரி. அதாவது நம் பங்குனி வெயில் உச்சிதான் அதற்குச் சாதாரண நாள். வயிற்றுக்குள் அது இருந்ததும் தாயின் உடம்பைவிட அரை டிகிரி கூடுதலான சூட்டில்.

இதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. மூன்று கிலோ குழந்தையின் தோலை விரித்தால் சுமார் 0.2 சதுர மீட்டர். அறுபது கிலோ ஆளுக்கு சுமார் 1.6 சதுர மீட்டர். ஒரு கிலோ உடம்புக்கு எவ்வளவு தோல் என்று வகுத்துப் பாருங்கள். குழந்தைக்கு நம்மைப்போல் இரண்டரை மடங்கு வரும். சூட்டை உண்டாக்குவது உள்ளே இருக்கும் சதை, வெளியே விடுவது தோல். சின்ன டம்ளர் காபி சீக்கிரம் ஆறிவிடும், பெரிய போசி நிறையக் கொதித்த வெந்நீர் நேரமாகியும் ஆறாது அல்லவா, அதே விஷயம்தான். போதாததற்குத் தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு. உடம்பில் தலை மட்டுமே ஐந்தில் ஒரு பங்கு பரப்பு. பெரியவர்களுக்குத் தலை பத்தில் ஒரு பங்குகூட வராது. பிறந்த உடனே குல்லா போடச் சொல்வது அதனால்தான்.

செட்டிநாட்டு வீடுகளை நினைத்துப் பார்க்கிறேன். சித்திரை வெயிலைத் தாங்குவதற்காகவே கட்டிய வீடுகள். உயரமான கூரை, கனத்த சுண்ணாம்புச் சுவர், வளவு என்னும் உள்கட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம், காலுக்குக் குளுகுளுவென்று ஆத்தங்குடிக் கல். ஒவ்வொன்றும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும் வழி. மனிதருக்கு இதமான அதே வழிகள் மார்கழி விடியலில் ஒரு மூன்று கிலோ உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகின்றன. தரைக்கல்லில் ஒற்றை விரிப்பு மட்டும் போட்டுக் கிடத்தினால் கல் நேரடியாகச் சூட்டை உறிஞ்சும். முற்றத்துக் காற்று உடம்பைச் சுற்றியுள்ள சூடான காற்றைத் தள்ளிவிடும். சேலைத் தொட்டிலில் இதைப் பலர் கவனிப்பதில்லை. முதுகுக்குக் கீழே ஒரே ஒரு மடிப்புச் சேலைதான் இருக்கிறது, ஆட்டும்போதெல்லாம் அதன் அடியில் புதுக்காற்று பாய்கிறது.

தொடும் கல், வீசும் காற்று இரண்டும் போக, சூடு வெளியேறும் மூன்றாவது வழி கண்ணுக்குத் தெரியாது. எந்தச் சூடான பொருளும் தன்னைவிடக் குளிர்ந்த பொருளுக்குக் கதிர்வீச்சாகச் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், நடுவில் காற்றே அசையாவிட்டாலும். மார்கழியில் "பனி இறங்குது" என்று சொல்லித் தலையில் துண்டைப் போட்டுக்கொள்கிறோமே, உண்மையில் பனி மேலேயிருந்து விழுவதில்லை. தெளிந்த இரவில் புல்லும் ஓடும் தங்கள் சூட்டை வானத்துக்கு வீசிவிட்டுக் குளிர்ந்துபோகின்றன, காற்றிலுள்ள ஈரம் அவற்றின்மேல் படிகிறது. திறந்த முற்றத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அதன் உடம்பும் அப்படித்தான் சூட்டை வீசும். காரணம் தப்பாக இருந்தாலும் பெரியவர்கள் செய்தது சரி.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பொல்லாதது, ஈரம் காய்வது. ஒரு கிராம் தண்ணீர் தோலிலிருந்து ஆவியாகப் போக ஏறக்குறைய 0.58 கிலோ கலோரி சூடு வேண்டும். மூன்று கிலோ குழந்தையின் உடம்புச் சூடு ஒரு டிகிரி குறைய இரண்டரை கிலோ கலோரி போனால் போதும். அப்படியானால் பத்து கிராம் தண்ணீர், அதாவது இரண்டு டீஸ்பூன், முழுக்க உடம்புச் சூட்டிலேயே காய்ந்தால் இரண்டு டிகிரிக்கு மேல் இறங்கிவிடும்! நடைமுறையில் காற்றும் ஒரு பங்கு சூட்டைக் கொடுக்கும் என்பதால் அவ்வளவு இறங்காது. ஆனாலும் பிறந்த குழந்தையைத் துடைக்காமல் விட்டால் உள்ளுடம்புச் சூடு நிமிடத்துக்கு 0.1 டிகிரி, தோலின் சூடு 0.3 டிகிரி என்று சரியும். பிறந்தவுடன் குளிப்பாட்ட வேண்டாம், குறைந்தது 24 மணி நேரம் பொறுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கு முக்கியக் காரணம் இது. பிறக்கும்போதே தோலின்மேல் ஒட்டியிருக்கும் வெள்ளை மாவு அழுக்கல்ல, அதைத் தேய்த்து எடுக்க அவசரப்படாதீர்கள்.

சரி, குளிர்ந்தால் நமக்கு உடம்பு நடுங்கும். நடுக்கம் என்பது தசைகள் வேலை செய்து சூடு உண்டாக்குவது. பிறந்த குழந்தைக்கு அந்த நடுக்கம் அனேகமாக வராது. அதற்குப் பதில் அதனிடம் ஒரு தனிச் சரக்கு இருக்கிறது, பழுப்புக் கொழுப்பு. தோள்பட்டைகளுக்கு நடுவில், கழுத்தில், சிறுநீரகங்களைச் சுற்றி இருக்கும். 1551லேயே கான்ராட் கெஸ்னர் என்பவர் மார்மொட் என்ற விலங்கின் முதுகில் இதைப் பார்த்து எழுதிவைத்தார். இது எதற்கு என்பது பல நூற்றாண்டுகளுக்குப் பின்னால்தான் விளங்கியது. 1964ல் டாக்கின்ஸ், ஹல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முயல் குட்டிகளை வைத்து, குளிரில் சூட்டை உண்டாக்குவது இந்தக் கொழுப்புதான் என்று காட்டினார்கள்.

அது வேலை செய்யும் விதம் எனக்கு நம் ஊர்க் கண்மாயை நினைவுபடுத்தும். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு, சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு புரோட்டான் என்ற நுண்துகள்களை ஒரு சவ்வின் மறுபக்கம் தள்ளித் தேக்கிவைக்கிறது, கண்மாயில் தண்ணீர் தேங்குவது போல. சாதாரணச் செல்லில் அவை மடை வழியாக இறங்கும்போது ஏடிபி என்ற எரிபொருள் உண்டாகிறது. பழுப்புக் கொழுப்பில் யுசிபி1 என்ற புரதம் இருக்கிறது. அது, கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்கு மாதிரி. குளிர் என்று மூளை உணர்ந்ததும் நரம்புமுனைகள் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும், கொழுப்பு உடையும், கலுங்கு திறக்கும். புரோட்டான்கள் மடைக்குப் போகாமல் கலுங்கு வழியே பாய்ந்துவிட, தேங்கிய ஆற்றல் அத்தனையும் சூடாகவே வெளிவரும். அந்தச் செல்களில் மைட்டோகாண்ட்ரியா கொத்துக்கொத்தாக இருப்பதாலும் அவற்றில் இரும்பு இருப்பதாலும்தான் பழுப்பு நிறம்.

ஆனால் இதற்குச் செலவு உண்டு. ஆக்சிஜனும் சர்க்கரையும் கரையும். வளர்வதற்குக் குடித்த பால், அடுப்பெரிக்கப் போய்விடும். எடை ஏற வேண்டிய பிள்ளை ஏறாமல் நிற்கும். குறைமாதக் குழந்தைக்கு இந்தக் கொழுப்பே போதிய அளவு சேர்ந்திருக்காது. 1958ல் நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மன் என்ற மருத்துவரின் குழுவினர் குறைமாதக் குழந்தைகளின் இன்குபேட்டர்களை இரண்டு விதச் சூட்டில் வைத்துப் பார்த்தார்கள். வித்தியாசம் மூன்று டிகிரி செல்சியஸுக்குள்தான். கதகதப்பாக இருந்த பக்கத்தில் பிழைத்தவர்கள் தெளிவாகவே கூடுதல். மூன்று டிகிரி ஒரு உயிருக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

துணி எங்கே வருகிறது? துணி சூடு தராது. கம்பளி ஸ்வெட்டரை மேசைமேல் வைத்தால் அது அறையின் சூட்டில்தான் இருக்கும். துணி செய்வது, உடம்பு உண்டாக்கிய சூட்டோடு கொஞ்சம் காற்றை அசையாமல் பிடித்துவைப்பது. அசையாத காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி, அதுதான் நமக்கு வேண்டும். அதனால் தடித்த துணி ஒன்றைவிட மெல்லிய துணி இரண்டு மூன்று நல்லது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு காற்றடுக்கு கிடைக்கும், வேண்டாதபோது ஒன்றைக் கழற்றவும் முடியும். பலமுறை துவைத்துப் பூப்போல மெத்தென்று ஆன பழைய கண்டாங்கிச் சேலையும் ஐயாவின் பழைய வேட்டியும் பிள்ளைத்துணியாகக் கிழிக்கப்படுவதில் இந்த நுட்பம் இருக்கிறது. ஆனால் அதே துணி நனைந்தால் கதை மாறும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும், கூடவே காயவும் செய்யும். ஈரத்துணிமேல் ஸ்வெட்டர் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பது.

எத்தனை துணி? நீங்கள் அந்த அறையில் எத்தனை அடுக்கு போட்டால் இதமாக இருக்குமோ, அதைவிட ஒன்று, பிறந்த சில நாட்களில் மட்டும் வேண்டுமானால் இரண்டு. காரைக்குடி மார்கழி விடியலுக்கு, கட்டு வைத்த பருத்திச் சட்டை, அதன்மேல் முழுக்கைச் சட்டை, மேலே ஒரு துணியால் சுற்றினால் பெரும்பாலும் போதும். சுற்றும்போது கால்களைக் குச்சிபோல் நீட்டி இறுக்காதீர்கள், இடுப்பு மூட்டு விலகக்கூடும். முட்டி மடங்கி அகல இடம் வேண்டும். தொட்டிலுக்குள் தளர்வான போர்வையும் தலையணையும் வேண்டவே வேண்டாம். சூடு உடம்பில் போட்ட துணியிலிருந்து வரட்டும்.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். மூடிய அறையில் கரியடுப்போ கணப்போ வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. குளித்த பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். பூந்துண்டால் தலையை முதலில் ஒற்றி எடுத்தாலே ஈரம் போய்விடும், அந்தச் சின்ன நுரையீரலுக்குப் புகை ஆகாது.

இதுவரை மனிதர் கண்டுபிடித்த சிறந்த அடுப்பு தாயின் நெஞ்சு. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978ல் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர், இன்குபேட்டர் பற்றாக்குறையால் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்பில் தோலோடு தோலாக வைக்கச் சொன்னார். கங்காரு முறை என்று பெயர். 2021ல் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு, எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கினால் முதல் 28 நாள் இறப்பு கால் பங்கு குறைகிறது என்று காட்டியது. அப்பாவும் செய்யலாம், ஆயாவும் செய்யலாம்.

அன்று நாங்களும் அதைத்தான் செய்தோம். ஈரத்துணி எல்லாவற்றையும் உருவிவிட்டு, துடைத்து, காய்ந்த அடித்துணியும் குல்லாவும் மட்டும் போட்டு அவள் மார்போடு சேர்த்து, இருவருக்கும் சேர்த்து ஒரு போர்வை. பால் குடிக்கத் தொடங்கியது. முக்கால் மணி நேரத்தில் 36.8. குளிர்ந்த பிள்ளை அழும் என்று நினைத்துவிடாதீர்கள். ரொம்பக் குளிர்ந்தால் அது அடங்கிப்போகும், பால் இழுக்காது, கை கால் தளரும். சமர்த்தாகத் தூங்குகிறது என்று விட்டுவிடுவோம். அப்படி இருந்தாலோ, 36க்குக் கீழே இறங்கினாலோ, அரை மணி நேரம் அணைத்து வைத்தும் ஏறாவிட்டாலோ நெஞ்சோடு அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறும் கையும் காலும் சில்லென்று நீலம் பாரித்திருப்பது பிறந்த குழந்தைக்குச் சாதாரணம். உடம்பு, உள்ளே இருக்கும் உறுப்புகளுக்குச் சூட்டை மிச்சம் பிடிக்கிறது. அதனால்தான் ஆத்தா பிடரியைத் தொட்டார்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வளவில் வெயில் இறங்கிவிட்டது, அறை 28 டிகிரி. காலையில் பயந்துபோன அக்கா மகள் ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ், போர்வை என்று அத்தனையும் போட்டுப் பிள்ளையைத் தூங்க வைத்திருந்தாள். பிறந்த குழந்தைக்கு வியர்வையால் உடம்பை ஆற்றிக்கொள்ளும் திறனும் அரைகுறைதான். அதிகச் சூடு, தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோகும் அபாயத்தைக் கூட்டுகிறது. குளிரில் சூட்டைக் கசியவிடும் அதே பெரிய தலைதான் சூட்டில் அதற்குப் போக்கிடம், அதனால் முதல் சில நாள் கழிந்த, எடை சரியாக உள்ள பிள்ளைக்கு வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா கூடாது. ஆத்தா வந்து மறுபடி பிடரியில் விரல் வைத்தார். பிசுபிசுவென்று இருந்தது. ஒன்றும் பேசாமல் குல்லாவைக் கழற்றினார், போர்வையை எடுத்தார், ஸ்வெட்டரின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தொட்டுப் பார்த்தார்.